கையெழுத்து இருக்கு... ஆள் வந்தாரா?

உங்கள் தெருவில் இருக்கிற பேங்க் சுவரையோ, நகைக்கடை ஷட்டர் ஓரத்தையோ, கோயில் மதிலையோ கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆணியில் மாட்டிய ஒரு நோட்டு தெரியும். போலீஸ் பாஷையில் அதற்குப் பட்டா புத்தகம் என்று பெயர். ராத்திரி ரோந்து வருகிற போலீஸ்காரர் அதில் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து இருந்தால், ஆள் வந்தார் என்று அர்த்தம்.

அப்படித்தானா? எங்கள் மாங்காட்டில் ஒரு டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “திருட வர்றவனும் நாலு எழுத்து படிச்சவன்தான் சார். பத்து நாள் அந்த நோட்டைப் புரட்டினா, எத்தனை மணிக்கு யாரும் வர மாட்டாங்கன்னு அவனுக்கே தெரிஞ்சுடும்.”

போலீஸைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் இந்த வாரம் பேச வந்தது சிறைச்சாலையைப் பற்றி. எதிர்வீட்டுப் பையன் எம்.பி.ஏ. படிக்கிறான். பேப்பரில் ஏதோ சிறைக் கலவரச் செய்தி. “ஹைவேஸ், ஏர்போர்ட் எல்லாம் தனியாருக்குக் குடுத்தாச்சு. ஜெயிலையும் குடுத்துட்டா என்ன அங்கிள்? செலவும் குறையும், டிசிப்ளினும் வரும்ல?” என்றான்.

நியாயமான கேள்விதான். நானும் காமர்ஸ் படித்தவன். லாபம் என்பது கெட்ட வார்த்தை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், வாருங்கள்.

நம் நாட்டில் தனியார் நடத்தும் சிறை ஒன்றுகூட இல்லை. அரசியல் சட்டத்தின் 7வது அட்டவணையில், சிறைச்சாலை மாநிலங்களின் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் 1980களிலேயே இந்த வியாபாரம் ஆரம்பமாகிவிட்டது. இங்கிலாந்தில் 1992ல். பெரும்பாலும் ஒப்பந்தம் எப்படியென்றால், ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர் என்று அரசாங்கம் கம்பெனிக்குக் கொடுக்கும். லாட்ஜ் வாடகை மாதிரி. வித்தியாசம் ஒன்றுதான். லாட்ஜில் ரூம் பிடிக்கவில்லையென்றால் நீங்கள் காலி பண்ணிவிட்டுப் போகலாம்.

சரி, இதில் லாபம் எங்கேயிருந்து வரும்? சிறைச்சாலையில் பெரிய செலவு சாப்பாடோ, பூட்டோ இல்லை. சம்பளம். காவலருக்குச் சம்பளத்தைக் குறை. அல்லது காவலரையே குறை. வேறு வழி அதிகம் கிடையாது.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு சிறை. கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனி நடத்தியது. அடிதடி அதிகமென்று, உள்ளே இருந்தவர்கள் அதற்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள் - ‘கிளாடியேட்டர் ஸ்கூல்’. ஒப்பந்தப்படி ஒவ்வொரு ஷிப்டிலும் இத்தனை காவலர் இருக்க வேண்டும். ரிஜிஸ்டரில் இருந்தார்கள்! 2012ல் சில மாதங்களில் மட்டும் கிட்டத்தட்ட 4,800 மணி நேரம், வராத காவலர்கள் வந்ததாகக் கணக்கு எழுதப்பட்டிருந்ததை அந்தக் கம்பெனியே 2013ல் ஒப்புக்கொண்டது. 2014 ஜூலையில் மாநில அரசே சிறையைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

பி.காம். படித்தவர்களுக்கு இந்தக் கதை கேட்ட மாதிரியே இருக்கும். ஆடிட்டிங் பேப்பரில் ‘டம்மி வொர்க்கர்ஸ்’ என்று ஒரு பாடம் வரும். இல்லாத தொழிலாளி பெயரில் சம்பளம் எழுதி எடுப்பது. அதைப் பிடிக்க வழியும் அதே பாடத்தில் இருக்கும். ரிஜிஸ்டரை இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தால் போதாது. சொல்லாமல் கொள்ளாமல் ஃபாக்டரிக்குப் போய் நின்று தலையை எண்ண வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இன்னொரு மாநிலம் அரிசோனா. 2010 ஜூலையில் கிங்மன் என்ற ஊரில் இருந்த தனியார் சிறையிலிருந்து 3 கைதிகள் வேலியை வெட்டித் தப்பினார்கள். அலாரம் இருந்தது. ஆனால், அது காரணமில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் காவலர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. தப்பியவர்கள், விடுமுறைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தம்பதியைப் பக்கத்து மாநிலத்தில் கொன்றுவிட்டார்கள். இதற்குப் பிறகு அரசாங்கம் அங்கே கைதிகளைக் குறைத்தது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஒப்பந்தத்தை நீட்டியது. 97 சதவிகிதப் படுக்கைகளுக்குப் பணம் உத்தரவாதம் என்று அதில் இருந்தது. காலியாகக் கிடந்த படுக்கைகளுக்காக அரசாங்கம் சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போவோம். மாங்காட்டுக்குப் பக்கத்து ஊர் பூந்தமல்லி. அங்கே இருந்த தனி நீதிமன்றத்தில்தான் ராஜீவ் காந்தி கொலை வழக்கு நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. அடுத்த வருடம் மே 11ல் உச்ச நீதிமன்றம், அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மிச்சம் 7 பேரும் 2022ல் வெளியே வந்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்புகளைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். அது இருக்கட்டும். நான் கேட்பது காமர்ஸ் கேள்வி. ஒரே நாளில் 19 பேர் விடுதலை என்றால், நமக்கு அது நீதி சம்பந்தப்பட்ட செய்தி. தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிற கம்பெனிக்கு? 19 படுக்கை நஷ்டம். ஒருவன் வெளியே போவதை நஷ்டக் கணக்கில் எழுதுகிறவரிடம், அவனைப் பூட்டுகிற சாவியைக் கொடுக்கலாமா?

‘அதுக்குத்தானே சார் ஜட்ஜ் இருக்கார், மேற்பார்வை இருக்கு’ என்பீர்கள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் லூசர்ன் கவுன்ட்டி. 2009ல் வெளியே வந்த விவகாரம். இரண்டு நீதிபதிகள், தனியார் சிறுவர் காப்புச் சிறையைக் கட்டியவரிடமும் அதன் முதலாளியிடமும் பணம் வாங்கினார்கள். இன்னொரு பக்கம், சின்னச் சின்னத் தப்புக்கெல்லாம் பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஒரு நீதிபதிக்கு 28 வருடம் சிறை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மீதிருந்த தீர்ப்புகளை மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சரிபார்க்க வேண்டியவரே பங்காளியாகிவிட்டால், மேற்பார்வை என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு?

அமெரிக்க மத்திய அரசே தன் நீதித்துறை மூலம் 2016ல் ஆராய்ந்து பார்த்தது. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பெரும்பாலான விஷயங்களில், அரசுச் சிறைகளைவிட ஒப்பந்தச் சிறைகளில்தான் அசம்பாவிதம் அதிகம் என்று தெரிந்தது. கள்ளத்தனமாக உள்ளே வந்து பிடிபட்ட செல்போன்கள் மட்டும் 8 மடங்கு! படிப்படியாகக் கைவிடுவோம் என்றார்கள். 2017ல் அந்த உத்தரவு வாபஸ். 2021ல் மறுபடியும் கைவிடச் சொல்லி உத்தரவு. 2025ல் அதுவும் ரத்து. ஆட்சி மாறினால் கொள்கை மாறும் என்பது நமக்கு மட்டும் சொந்தமில்லை.

இங்கிலாந்துக் கதை வேறு மாதிரி. அங்கே மேற்பார்வைக்குப் பஞ்சமே இல்லை. 2011ல் பர்மிங்ஹாம் சிறையை ஜி ஃபோர் எஸ் என்ற கம்பெனிக்கு 15 வருட ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். கம்பெனி ஒழுங்காக நடத்துகிறதா என்று பார்க்க, சிறைக்குள்ளேயே அரசு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். 2016 டிசம்பரில் கைதிகள் ஒரு காவலரிடமிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கி, 12 மணி நேரத்துக்கு மேல் கலவரம் செய்தார்கள். அதற்குப் பிறகும் ஒப்பந்தம் ஓடியது. 2018 கோடையில் சிறைகளின் தலைமை ஆய்வாளர் பீட்டர் கிளார்க்கின் குழு முன்னறிவிப்பே இல்லாமல் உள்ளே நுழைந்தது. ரத்தம், வாந்தி, எலிப் புழுக்கை. சில காவலர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் பயந்துபோய் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, ஊழியர்களின் கார் நிறுத்துமிடத்தில் புகுந்து வண்டிகளைக் கொளுத்தினார்கள். ஆகஸ்டில் அரசாங்கம் சிறையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

கவனித்தீர்களா? தினமும் உள்ளேயே உட்கார்ந்திருந்தவர்களால் ஆகாத காரியம், திடீரென்று வந்தவர்களால் ஆனது. வந்தவர்களுக்குக் கம்பெனியும் வேண்டாம், அமைச்சரும் வேண்டாம். பார்த்ததை எழுதி, எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிட்டார்கள்.

இஸ்ரேலில் வேறொரு கோணத்தில் யோசித்தார்கள். பீர்ஷெபா நகரத்துக்குப் பக்கத்தில் தனியார் சிறைக் கட்டடம் தயாராகவே நின்றது. 2009 நவம்பரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டமே செல்லாது என்றது. ‘வசதி நன்றாகவே இருக்கலாம், ஆனாலும் ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்கும் அதிகாரத்தை லாபம் பார்க்கிறவரிடம் கொடுப்பதே அவன் கண்ணியத்துக்குக் கேடு’ என்பது தீர்ப்பின் சாரம். எதிர்வீட்டுப் பையனுக்கு நான் முதலில் சொன்ன பதில் இதுதான்.

‘அப்ப கவர்மென்ட் ஜெயில் மட்டும் ஒழுங்கா?’ என்று அவன் திருப்பிக் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். 1999 நவம்பரில் சென்னை மத்திய சிறையில், கைதி ஒருவர் இறந்ததை ஒட்டி வெடித்த கலவரத்தில் ஒரு துணை ஜெயிலர் கொல்லப்பட்டார். துப்பாக்கிச்சூட்டில் கைதிகள் பலர் இறந்தார்கள். அது அரசுச் சிறை. 2020 ஜூனில் சாத்தான்குளம். அப்பாவையும் மகனையும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பியபோது, அரசு டாக்டரின் சான்றிதழ் இருந்தது. மாஜிஸ்ட்ரேட்டின் ரிமாண்ட் கையெழுத்து இருந்தது. எல்லாக் காகிதமும் இருந்தது. அடுத்தடுத்த நாள்களில் அந்த இரண்டு பேரும் உயிரோடு இல்லை.

ஆக, அரசா தனியாரா என்பது பாதிக் கேள்விதான். மீதிக் கேள்வி - பூட்டியவரைச் சரிபார்க்க யார் வருகிறார், எப்போது வருகிறார், வந்தால் அவருக்கு என்ன லாபம்? 1979ல் திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியான சுனில் பத்ரா, சக கைதி ஒருவரை வார்டன் சித்திரவதை செய்ததாக உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது கோர்ட். நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், நீதிபதிகள் சிறைகளுக்கு நேரில் போக வேண்டும், புகார்ப் பெட்டி வைக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவு இருக்கிறது. நம் சிறை விதிகளில் அலுவல்சாரா பார்வையாளர்கள் என்று ஒரு ஏற்பாடும் உண்டு. அதாவது, அரசாங்க வேலையில் இல்லாத, உங்களையும் என்னையும் போன்றவர்கள் சிறைக்குள் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதலாம். நல்ல ஏற்பாடு. ஆள் போனால்!

இப்போது உங்களை நேராக ஒரு கேள்வி கேட்கிறேன். தனியார் சிறை நம் ஊரில் இல்லவே இல்லை என்று நிஜமாகவே நம்புகிறீர்களா?

ஜெயில் என்று போர்டு போட்டது இல்லை. ஆனால், வெளிப்பக்கம் பூட்டுப் போட்ட தனியார் இடங்கள் எத்தனை? மனநலக் காப்பகம், போதை மறுவாழ்வு மையம், ஆதரவற்றோர் இல்லம். உள்ளே இருக்கிறவர் ‘நான் போறேன்’ என்று சொன்னாலும் விட மாட்டார்கள். மாதாமாதம் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். அமெரிக்காக்காரனின் ஒப்பந்தம்தான், பணம் கட்டுவது மட்டும் நாம்.

2001 ஆகஸ்ட் 6ம் தேதி விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். கத்தினார்கள், ஓட முடியவில்லை. காப்பகம் நடத்த லைசென்ஸ் வேண்டும், ஆய்வாளர்கள் வந்து பார்க்க வேண்டும் என்று 1987லேயே சட்டம் எழுதியாகிவிட்டது. சட்டம் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு ஏர்வாடிக்குப் போன ஆள்தான் இல்லை. சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ம் வருட மனநலச் சட்டம் பச்சையாகவே எழுதிவைத்திருக்கிறது. இருந்தும் 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஒரு ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அதுவும் யாரோ ஆய்வுக்குப் போய்க் கண்டுபிடித்ததில்லை. அங்கே சேர்த்த ஒரு முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டதால்தான் கதவு திறந்தது.

இதையெல்லாம் சட்டப் புத்தகம் படித்து நான் புரிந்துகொள்ளவில்லை. என் பெரியம்மா சொல்லிக் கொடுத்தார்.

பெரியம்மாவுக்கு மாங்காடு கோயில் பக்கத்திலேயே வீடு. ஒரே மகன், எனக்கு அண்ணன். குடி. எல்லா வைத்தியமும் பார்த்துவிட்டு, புறநகரில் ஒரு மறுவாழ்வு மையத்தில் 3 மாதத்துக்குச் சேர்த்தோம். “நாப்பத்தஞ்சு நாளைக்கு யாரும் வரக் கூடாதும்மா. உங்களைப் பார்த்தா மனசு மாறிடுவாங்க” என்றார் நடத்துகிறவர். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். பெரியம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மாங்காடு காமாட்சிக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு போவது எங்கள் பக்கம் பெரிய வேண்டுதல். பெரியம்மாவும் மகனுக்காக ஆறு வாரம் ஆரம்பித்தார். முதல் வாரம் முடிந்ததும், ஒரு பெரிய தூக்கில் எலுமிச்சம்பழச் சாதத்தோடு பஸ் ஏறி அந்த மையத்தின் கேட்டில் போய் நின்றுவிட்டார். வாட்ச்மேன் மறித்தார். “நான் எம் புள்ளையைப் பார்க்க வரலைப்பா. அம்மன் பிரசாதம். உள்ள இருக்கிற எல்லாருக்கும் ஒரு கை குடுத்துட்டுப் போயிடுறேன்” என்றார். பிரசாதத்தை யார் வேண்டாமென்பார்கள்?

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒப்பித்தார் பாருங்கள்... எந்த ஆய்வாளரும் அப்படி ரிப்போர்ட் எழுத மாட்டார். “முப்பத்தொரு பேருடா. ஒரே ஹால். ஒரு கக்கூஸ். ஜன்னல் எல்லாம் பலகை வெச்சு அடிச்சிருக்கான். ரெண்டு புள்ளைங்க தலையே நிமிர மாட்டேங்குது. ‘ராத்திரி நெருப்பு கிருப்பு பிடிச்சா சாவி யார்கிட்டப்பா’ன்னு கேட்டேன். ‘ஓனர் சார்கிட்டம்மா. அவர் எட்டு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவார்’ங்கிறான். வாட்ச்மேன்கிட்டயே சாவி இல்லடா!”

நான் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதினேன். பதில் வரவில்லை. பெரியம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை போனார். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை. ஒரு நாள் காலையில், ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு. “என்னிக்கு வருவேன்னு தெரிஞ்சா கூட்டி வெச்சிடுவான்டா” என்றார். நான் ஆடிட்டிங் பேப்பரில் படித்த ‘சர்ப்ரைஸ் செக்’குக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை. போகிற ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி: “சாவி யார்கிட்ட?” நாலாவது வாரம் வாட்ச்மேன் தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். இரண்டாவது சாவி வந்திருந்தது. இரண்டு ஜன்னல் பலகைகளையும் எடுத்திருந்தார்கள். அண்ணன் குடியை விட்டானா என்பது வேறு கதை. அந்த மையத்தில் இருந்த 31 பேரும் அன்றைக்கு நெருப்பு பிடித்தால் வெளியே வர ஒரு வழி கிடைத்தது என்பதுதான் இந்தக் கதை.

பெரியம்மா சட்டம் படித்தவரில்லை. அவருக்கு அந்த மையத்தில் பங்கு இல்லை. அடுத்த வருட ஒப்பந்தம் இல்லை. மேலதிகாரி இல்லை. சொல்லாமல் போனார், தலையை எண்ணினார், சாவியைக் கேட்டார், மறுபடியும் போனார். உலகத்தில் எந்தச் சிறைக்கும், எந்தக் காப்பகத்துக்கும் தேவையான மேற்பார்வை அவ்வளவுதான்.

எதிர்வீட்டுப் பையன் கடைசியாக, “சிசிடிவி போட்டா போதாதா அங்கிள்?” என்றான். போடலாம். சாத்தான்குளம் ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது. ஆனால், அந்த ராத்திரிப் பதிவு தானாகவே அழிந்து போகிற மாதிரி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதினார். அதை வெளியே கொண்டுவந்தது, நேரில் போன அந்த மாஜிஸ்ட்ரேட்டும், அவரிடம் பயந்துகொண்டே உண்மையைச் சொன்ன ஒரு பெண் தலைமைக் காவலரும்தான்.

உங்கள் வீட்டிலிருந்தோ, உறவிலிருந்தோ யாரையாவது இப்படி ஒரு பூட்டிய இடத்தில் சேர்த்திருந்தால், இந்த வாரமே ஒரு தடவை போய் வாருங்கள். போன் பண்ணிவிட்டுப் போகாதீர்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று எங்கே என்று கேளுங்கள். மொத்தம் எத்தனை பேர், ராத்திரியில் எத்தனை ஊழியர் என்று கேளுங்கள். சொன்ன கணக்கை நீங்களே எண்ணிப் பாருங்கள். உங்கள் ஆளோடு, பக்கத்தில் யாரும் இல்லாமல், 10 நிமிஷம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். கடைசியாக, ராத்திரியில் சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள்.

எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆகும். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல யோசிக்கிறார்கள் என்றால், அன்றைக்கே உங்கள் ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.